நீர் மாத்திரையும் ரிலீவரும்

தினேஷ்,

முதலில் சாப்பிட்டுவிடு. கத்திரிக்காய்க் குழம்பு அடுப்புக்குப் பக்கத்தில் மூடியிருக்கிறது, முட்டை தனிக் கிண்ணத்தில். அப்பாவுக்கு மிச்சம் வைக்க வேண்டாம், அவர் சாப்பிட்டாயிற்று. கையைக் கழுவிவிட்டு இதைப் படி, நடுவில் போனை எடுக்காதே. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குச் சிரிப்பு வரும். நீ கிரிக்கெட் முடித்து வரும்போது நான் லேடீஸ் ஹாஸ்டலில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருப்பேன். நாளைக் காலை நீ கம்பெனி பஸ் ஏறும்போது இட்லி ஊற்றிக்கொண்டிருப்பேன். நம் வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக விழித்திருப்பதே ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத்தான். அது பாதிக் காரணம். நான் சொல்ல வந்ததை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்பது மீதிக் காரணம். எழுதினால் கூச்சம் குறையுமா என்று பார்க்கிறேன். உன்னைப் போல லைன் லீடர் ஆன சிநேகிதர்கள் இருந்தால் அவர்களும் படிக்கட்டும், என் பெயரை மட்டும் சொல்லாதே.

இன்று மதியம் நீ அப்பாவிடம் பேசியதைத்தான் சொல்கிறேன். லைன் லீடர் ஆன பிறகு நீ பேசும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறாய், அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. உன் சட்டையின் தோள்பட்டைப் பட்டை வேறு நிறமாகிவிட்டது என்று அப்பா ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார். இன்று நீ அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாய்.

"ஒரு அக்காப்பா, முத்துலட்சுமின்னு பேரு. தென்காசி சைடு. கை இன்னா ஸ்பீடு தெரியுமா! ஆனா வந்ததுலேருந்து ரிலீவர் குடு, ரிலீவர் குடுன்னு நச்சரிச்சிகினே கீறாங்க. அவுங்களால என் லைன் நிக்குது. நாளைக்கு காண்ட்ராக்டர்கிட்ட சொல்லி வேற ஆள் கேக்கப் போறேன்."

"இன்னாத்துக்கு அவ்ளோ தபா போவுதாம்?" என்று அப்பா கேட்டார்.

"போன் பாக்கத்தான். வேற இன்னாத்துக்கு? நீ ரசம் ஊத்தும்மா."

நான் ரசம் ஊற்றினேன். ஆனால் நீ போன பிறகு பாத்திரம் தேய்க்காமல் உட்கார்ந்துவிட்டேன். 'வேற இன்னாத்துக்கு' என்று கேட்டுவிட்டு நீ பதிலுக்கு நிற்கவே இல்லை. எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு ஒரு கேள்வி கிடைத்தால் அதை விடமாட்டேன், பக்கத்து வீட்டு மோட்டார் எத்தனை மணிக்கு ஓடுகிறது, ஏன் ஓடுகிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரிய வேண்டும். ஒரு பெண், கை வேகமான பெண், திட்டு வாங்கியும் மறுபடி மறுபடி கை தூக்கி ரிலீவர் கேட்கிறாள் என்றால் வேறு என்னவாக இருக்கும்?

உன்னுடையது மாதிரியே ஒரு வயர் கம்பெனியில் நானும் லைனில் நின்றவள் என்பது உனக்குத் தெரியும். கார்களுக்குள் போகும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும் வேலை. பலகை நம் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், நமக்கு ஒதுக்கிய வயரைச் செருகி, டேப் சுற்றி விடுவதற்குள் அடுத்த பலகை வந்து நிற்கும். நாம் நகர்ந்தால் லைன் நிற்கும். அதனால் நமக்குப் பதிலாக நிற்க ஒரே ஒரு ரிலீவர். கை தூக்கினால் லீடர் வருவார், ரிலீவர் எங்கே என்று தேடுவார், ரிலீவர் வேறு யாருக்கோ நின்றுகொண்டிருப்பாள். எங்கள் லைனில் பாதிப் பெண்கள் காலையில் எழுந்து பல் தேய்த்ததோடு சரி, தண்ணீர் வாயில் படாது. பஸ்ஸில் ஏறும்போதே உதடு காய்ந்திருக்கும். டீ இடைவேளையில் டீயைக்கூடப் பாதிதான் குடிப்பார்கள். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை, சேர்ந்த ஒரு வாரத்தில் எல்லோரும் தாங்களாகவே கற்றுக்கொண்டுவிடுவோம்.

எனக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்பதும் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போன காலத்தில் வந்த மூட்டுவீக்கக் காய்ச்சல் பிற்பாடு வால்வைச் சுருக்கிவிட்டது என்றார்கள். கையில் குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள், பிறகு தொடை வழியாக பலூன் விட்டு விரித்தார்கள், நீ அப்போது ஐந்தாவது படித்தாய். அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க மாத்திரை. அதில் ஒன்று நீர் மாத்திரை. நுரையீரலில் தண்ணீர் சேராமல், சேரும் தண்ணீரைச் சிறுநீராக வெளியே தள்ளிவிடும். சின்னதாக வெள்ளையாக இருக்கும். பார்த்தால் பாவம் போல இருக்கும், செய்கிற வேலை அப்படி இல்லை. போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆரம்பித்துவிடும். ஒரு தடவை, இரண்டு தடவை என்று நிற்காது. மதியம் வரைக்கும் ஓட வேண்டும். இப்போது புரிகிறதா, ஏன் இதை உன்னிடம் முகம் பார்த்துச் சொல்லமுடியவில்லை என்று?

அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகத்தான் கொடுத்தார்கள். மாதாமாதம் அப்பா சவாரிக்கு நடுவில் போய் வாங்கி வந்துவிடுவார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு ஆஸ்பத்திரி வரிசையிலும் நாலு பேர் தெரிந்தவர்கள் இருப்பார்கள். நீ அந்த மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டு, சாமி படத்துக்குக் கீழே வைப்பாய். ஒரு குறையும் இல்லை. மருந்து கிடைக்கவில்லை என்று என்னால் யாரிடமும் சொல்ல முடியாது, அது என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் காலையில் அதை விழுங்கிவிட்டு பஸ் ஏறினால் ஒரகடம் போய்ச் சேருவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். பஸ் எங்கும் நிற்காது. இறங்கினால் வருகைக்குப் பஞ்ச் அடிக்க வரிசை, பிறகு கோட்டு, தொப்பி, பிறகு பலகை. ஒரு வாரம் முயன்று பார்த்தேன். ஒரு நாள் கை தூக்கி, ரிலீவர் வரவில்லை, நின்ற இடத்திலேயே கொஞ்சம் நனைந்துவிட்டது. கோட்டு நீளமாக இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேள். லைனில் ஒரு வாரம் டார்கெட் குறைந்தால் என்ன செய்வோம்? ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. போட்டு ஈடுகட்டுவோம். எனக்கு உடம்பும் அப்படித்தான் என்று தோன்றிவிட்டது. வேலை நாளில் நீர் மாத்திரையை மட்டும் விட்டுவிடுவேன், மற்றதெல்லாம் ஒழுங்காகப் போடுவேன். விட்டதையெல்லாம் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது போட்டுவிடுவேன். காலையில் இரண்டு, மதியம் இரண்டு, பொழுது சாயும்போது மீதி. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பார்! மாதக் கடைசியில் ஒரு மாத்திரைகூட மிஞ்சாது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சிரிக்கிறாயா? சிரி. ஆனால் யோசித்துப் பார், கம்பெனியில் வருஷக்கணக்கில் நின்ற ஒருத்திக்கு வேறெப்படித் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தலை சுற்றும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். அம்மாவுக்கு வாரம் முழுக்க நின்ற அலுப்பு என்று நீயும் அப்பாவும் நினைத்துக்கொள்வீர்கள். புதன், வியாழன் வந்தால் கால் வீங்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு வராது, சுவரில் சாய்ந்துதான் தூங்குவேன். பஸ் படி ஏறுவதற்குள் வாயால் மூச்சு வாங்கும். பாலிடெக்னிக்குக்கு லீவு போட்டுவிட்டு நீதான் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாய். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று டாக்டர் கேட்டதும் நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்:

"கரெக்டா போடுறாங்க சார். நான்தான் டப்பா பாத்துக்கிறேன். ஒண்ணுகூட மிச்சம் இருக்காது."

அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். ஒழுங்காகப் போட்டும் தண்ணீர் சேருகிறது என்றால் என்ன அர்த்தம்? மருந்தின் அளவு போதவில்லை. டாக்டர் அளவைக் கூட்டி எழுதினார். அவர்மேல் தப்பில்லை, உன்மேலும் இல்லை, கணக்கு சரியாகத்தான் இருந்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. இன்னும் பெரிதாகிவிட்டது.

அந்த ஞாயிறுகளில் ஒன்றில்தான் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் விழுந்தேன். நீ கீழ்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக என்னை அப்பாவின் ஆட்டோவிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனீர்கள். நீ அழுதுகொண்டே என் காலைத் தேய்த்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன். வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் சரோஜா அக்கா என்று ஒருத்தர் இருந்தார். சுங்குவார்சத்திரம் பக்கம் பெட்ரோல் பங்கில் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறவர். அவருக்கும் இதயம்தான். சிஸ்டர் கொடுத்த மாத்திரையை நான் வாங்கும்போது எட்டிப் பார்த்தார்.

"ஐய, நீயும் இத்தப் போடுறவளா? கம்பெனில நின்னுகினே வேலைன்ற. இத்தப் போட்டுகினு எப்படிம்மா நிக்கிற?"

யோசித்துப் பார்க்கிறேன், தினேஷ். அதுவரை எத்தனையோ டாக்டர்கள், சிஸ்டர்கள், மருந்து கொடுக்கிறவர்கள், நீ, அப்பா எல்லோரும் மாத்திரை போட்டாயா என்று கேட்டீர்கள். அதைப் போட்டுக்கொண்டு எப்படி நிற்கிறாய் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"வேலைக்குப் போற நாள்ல எங்கக்கா போடுறது?" என்றேன்.

"அப்ப எப்பதான் போடுவ?"

"ஞாயித்திக்கெழம. மொத்தமா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார், டிரிப்ஸ் பாட்டில் ஆடுகிற மாதிரிச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "சிஸ்டர்! இங்க வாயேன்! இந்தம்மா மாத்திரைய ஓ.டி.ல போட்டுகினு கீது!"

எனக்கு மானம் போயிற்று. ஆனால் அதனால்தான் உயிர் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஷிஃப்ட் எத்தனை மணிக்கு, பஸ் எங்கே ஏறுவீர்கள், வீட்டுக்கு எப்போது வருவீர்கள், டாய்லெட் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மாத்திரையைச் சேர்த்துப் போடுவது எவ்வளவு ஆபத்து என்று சொன்னாள். "நானே ஓ.பி. நாள்ல தண்ணி குடிக்கறதில்லம்மா, எழுந்து போனா வெளில வரிசை கத்தும்" என்று அவளும் சிரித்தாள். பிறகு நேரத்தை மாற்றி எழுதினாள். காலை ஷிஃப்ட் என்றால் வீட்டுக்கு வந்த பிறகு போடலாமாம். மதிய ஷிஃப்ட் என்றால் விடிந்ததும் போட்டுவிட்டுக் கிளம்புவதற்குள் வேலையை முடித்துக்கொள்ளலாமாம். காலையில்தான் போட வேண்டும் என்று யாரும் என்னிடம் சத்தியம் வாங்கவில்லை, பழக்கத்துக்குச் சொல்வதாம். அவ்வளவு சின்ன விஷயம்! எனக்கு ஒரு பக்கம் ஆச்சரியம், ஒரு பக்கம் அழுகை.

"கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதித் தரட்டுமா? ஹார்ட் பேஷண்ட், பிரேக் குடுங்கன்னு?" என்றும் கேட்டாள்.

"ஐயோ, வேணாம் மேடம். லெட்டரப் பாத்தா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அவள் பேனாவை மூடிவிட்டாள். நான் காண்ட்ராக்ட் ஆள் என்பதை அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஓ.டி. என்று நிறுத்தி வைக்கும் நாட்களில் வீட்டுக்கு வருவதே இருட்டிப்போகும், மாத்திரை மறுபடி தவறும். கடைசியில் நான் கம்பெனியை விட்டேன். பி.எஃப். வரும் வேலையை விட்டுவிட்டு ஹாஸ்டலில் சோறாக்கப் போகிறேனே என்று நீ என்னோடு எத்தனை நாள் பேசவில்லை! ஏன் விட்டாய், ஏன் விட்டாய் என்று கேட்டாய். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, சூப்பர்வைசர் சரியில்லை என்று என்னென்னவோ சொன்னேன். அந்த ஹாஸ்டல் சமையலறையை ஒட்டி ஒரு கழிவறை இருக்கிறது, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு ஒத்துக்கொண்டேன். சம்பளம் எவ்வளவு என்று அதற்கப்புறம்தான் கேட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு இது ஒரு கிறுக்காகவே ஆகிவிட்டது. யார் மாத்திரை போட்டாலும் எப்போது, எங்கே, எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும். உன் அப்பாவையே எடுத்துக்கொள். அவருடைய பி.பி. மாத்திரையிலும் கொஞ்சம் நீர் மாத்திரை கலந்திருக்கிறதாம், மருந்துக்கடைப் பையன் சொன்னான். ஒரு நாள்கூட அவர் தவறவிட்டதில்லை. ஏன் தவறவேண்டும்? அவருக்குத் தோன்றிய இடத்தில் வண்டியை ஓரங்கட்டினால் போதும், ஒரகடம் ரோடு முழுக்க அவருடைய கழிவறைதான். "இன்னாடி, என்னையும் விட்டுவைக்க மாட்டியா?" என்கிறார். ஒரே வீடு, ஒரே டப்பா, கிட்டத்தட்ட ஒரே மாத்திரை. அவருக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. ஹாஸ்டல் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி பெரியவர் இருக்கிறாரே, அவருக்கு இரண்டு வேளை மாத்திரை, இரண்டும் சாப்பாட்டுக்குப் பின்னால். அவர் ஒரு வேளைதான் சாப்பிடுகிறார், அதனால் ஒரு மாத்திரைதான் போடுகிறார். "சாப்புடாம போடக் கூடாதுன்னு சொல்லிகீறாங்களே" என்று என்னிடமே நியாயம் பேசுகிறார். இப்போது இரவில் மிஞ்சும் சப்பாத்தி அவருக்குப் போகிறது.

எல்லா இடத்திலும் என் கேள்வி உதவிற்று என்று நினைத்துவிடாதே. போன வருஷம் ஹாஸ்டலுக்கு சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள், பேச்சி என்று பெயர். வல்லம் வடகாலில் போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. காலைச் சாப்பாட்டை முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி எதையோ வாயில் போட்டுக்கொள்வாள். ஹேர்க்ளிப் டப்பாவிலிருந்து எடுப்பாள். எனக்கு அந்த மாத்திரையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது என்னுடைய கூட்டாளி. சந்தோஷத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்: "இன்னா பேச்சி, ஹார்ட்டுக்கா போடுற?"

"இல்ல ஆன்ட்டி, தலவலி மாத்திரதான்" என்று தட்டைக் கழுவப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து சமையலறைப் பக்கம் அவள் நிற்கவே இல்லை. சாப்பாட்டை அறைக்கு எடுத்துப் போனாள். அந்த அறையில் ஆறு பேர். அங்கே எங்கே போடுவாள்? இரண்டு நாள் கழித்துத் தனியாகப் பிடித்தேன். அவள் கோபப்படவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்:

"கேக்காதீங்க ஆன்ட்டி. ஊர்ல எனக்கு மாப்ள பாக்காவ. இந்த ரூம்லயே எங்க ஊர்க்காரப் புள்ள ஒருத்தி கெடக்கா. நீங்க நல்லதுக்குத்தான் கேட்டிய, எனக்குத் தெரியும். ஆனா நீங்க கேட்டதுக்குப் பெறவு நான் மாத்திர போட எடமே இல்லாமப் போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு அந்தச் சமையலறைச் சுவர் ஓரம்தான் ஆஸ்பத்திரி மாதிரி. நான் அதைத்தான் கேள்வி கேட்டுப் பிடுங்கியிருக்கிறேன். அதன்பிறகு நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, மளிகை வைக்கும் சின்ன அறையின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு சொம்பில் தண்ணீரும் வைத்துவிட்டு நான் பின்பக்கம் போய்விடுவேன். சொம்பு காலியாகியிருக்கும். இன்றுவரைக்கும் அவளுக்கு என்ன நோய் என்று எனக்கு முழுசாகத் தெரியாது. என்னைப் போன்ற ஒருத்தி கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், ஆனால் இருக்கிறேன்.

இப்போது உன் முத்துலட்சுமிக்கு வருகிறேன். அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. நீர் மாத்திரையாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், வயிற்றில் பிள்ளையாக இருக்கலாம். நீ சொன்ன மாதிரி போன் பார்க்கவும் போகலாம், இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீ சொன்னதிலேயே 'வந்ததுலேருந்து' என்ற வார்த்தை எனக்கு இடித்தது. காலையில் வந்ததிலிருந்து மதியம் வரைதான் கேட்கிறாளா, மதியத்துக்குப் பிறகும் கேட்கிறாளா? போன் பார்க்கிறவள் நாள் முழுக்கக் கேட்பாள். மதியத்தோடு நின்றுபோனால் எனக்கு வேறு மாதிரித் தோன்றும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது, ஆனாலும் நீ போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டாம். ஏனென்றால் அது உண்மையாக இருந்தால் அவள் உன்னிடம் சொல்லவே மாட்டாள். சொன்னால் காண்ட்ராக்டர் காதுக்குப் போகும், ஹார்ட் பேஷண்ட் எதற்கு என்பார்கள். சொல்லாவிட்டால் ஓ.பி. அடிக்கிறாள் என்று நாளைக்கு நீ அனுப்புவாய். இரண்டு பக்கமும் அவளுக்கு ஒரே வாசல்தான். அனுப்பிவிட்டால் அடுத்த கம்பெனியில் அவள் என்ன செய்வாள் தெரியுமா? கை தூக்க மாட்டாள். மாத்திரையை விட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. போடுவாளோ என்னவோ. விழுந்தால் தூக்க அவள் அறையில் ஆட்டோக்கார அப்பா இருக்க மாட்டார்.

அதனால் அவளிடம் காரணம் கேட்காதே. கூப்பிட்டு ஆறுதலாகக்கூடக் கேட்காதே, உனக்கு நல்ல மனசு, நீ அப்படித்தான் செய்வாய், அதற்காகத்தான் முன்னாலேயே சொல்கிறேன். வேறொன்று செய். உன் ரிலீவரைச் சும்மா ஓர் ஓரத்தில் நிற்க விடாதே. லைனின் முதல் ஆளிடம் ஆரம்பித்து ஒவ்வொருத்தராக மாற்றிக்கொண்டே கடைசி ஆள் வரைக்கும் வரட்டும், வந்தபிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கட்டும். வேண்டும் என்கிறவர்களும் போகட்டும், வேண்டாம் என்கிறவர்களும் காலை நீட்டி உட்காரட்டும். கேட்காமலே எல்லோருக்கும் முறை வந்தால் யார் எதற்குப் போகிறார்கள் என்று யாருக்குமே தெரியாது. எங்கள் கம்பெனியில் வேறொரு லைனில் ஒரு கன்னியாகுமரிப் பெண் லீடராக இருந்தபோது இப்படித்தான் செய்தாள், அவள் லைன் எங்கள் லைனைவிட அதிகமாக நின்றதாக நான் கேள்விப்படவில்லை. முறைக்கு நடுவில் யாருக்காவது அவசரம் வந்தால் நீயே போய் அந்த இடத்தில் நில். உனக்கு வயர் செருகத் தெரியாதா என்ன? தோளில் பட்டை மாறினால் கை மறந்துவிடுமா?

உனக்குத் திட்டு விழும். எனக்குத் தெரியும். மணிக்கு மணி எண்ணிக்கை எழுதும் போர்டு உன் தலைக்குமேல் இருக்கிறது, அதில் சிவப்பு விழுந்தால் உன் மேலதிகாரி உன்னைத்தான் கூப்பிடுவார். புது லீடருக்கு அதைவிடப் பயம் வேறில்லை. எதையாவது சொல்லிச் சமாளி. பொய் சொல்லச் சொல்கிறேனா? ஆமாம், கொஞ்சம். உன்னால் ஒரு வாரம் திட்டு தாங்க முடியும், நான் வளர்த்த பிள்ளை நீ. அவளால் அந்த ஒரு வாரம் மாத்திரை இல்லாமல் தாங்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நாளைக்குக் காலையில் அவள் கை தூக்குவாள். நீ முதலில் கடிகாரத்தைப் பார்ப்பாய், எல்லா லீடரும் அப்படித்தான் செய்வார்கள். என் லீடரும் அப்படித்தான் பார்த்தான். அவன் அப்படிப் பார்த்ததால்தான் நான் கை தூக்குவதையே நிறுத்தினேன். அவன் கெட்டவன் இல்லை, தினேஷ். உன் வயதுப் பையன்தான், சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு ஊறுகாய் கொண்டுவந்து கொடுப்பான். அவனுக்கும் வீட்டில் ஓர் அம்மா இருந்திருப்பாள். அவளுக்கும் என்னைப் போலக் கூச்சமாக இருந்திருக்கும், இதையெல்லாம் அவனிடம் சொல்லியிருக்க மாட்டாள். நான் சொல்லிவிட்டேன்.

அம்மா